முகம் பார்க்காத சாட்சி

வேலுத்தாய்க்கு ஊரில் பாதிப் பேரின் முகம் தெரியாது, கால் தெரியும். கேலிக்குச் சொல்வதல்ல. ஏலக்காய் என்ன, செடியின் உச்சியிலா காய்க்கிறது? ஆள் உயரத்துக்கு மேலே தோகை விரிந்து நிற்க, காய்ச்சரம் மட்டும் தூரோடு தூராக மண்ணில் கிடக்கும். அதை எடுக்க வேண்டுமானால் குனிய வேண்டும், குந்த வேண்டும், தூரைச் சுற்றித் தவழாத குறையாக நகர வேண்டும். பதின்மூன்று வயதில் சாந்தன்பாறைத் தோட்டத்தில் கூடை எடுத்தவள் முப்பத்தெட்டு வயதிலும் அப்படியேதான் குந்தியிருந்தாள். பக்கத்தில் வந்து நிற்பது யார் என்று நிமிர்ந்து பார்க்க நேரம் ஏது? நிமிர்ந்தாலும் மழைக்குப் போட்ட கம்பளிக்குள் முகம் எங்கே தெரியப்போகிறது? கங்காணி சுருளிவேல் வந்தால் இடது பெருவிரலில் நகம் இல்லாமல் வரும். முதலாளி வந்தால் பூட்ஸ் வரும். தம்பி அழகுமலை வந்தால் வலது கால் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பி வரும். அவளுக்கு அது போதும்.

முதலாளியின் பூட்ஸை விட்டுவிட்டால், அந்தக் கால்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. மழைக்காலம் முழுக்க அட்டை. புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து முழங்கால் வரை பூசிக்கொண்டு போனாலும் எப்படியோ ஒன்று ஏறிவிடும். கடித்த இடம் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும், ஆறினால் கறுப்புப் பொட்டாக நின்றுவிடும். நாலு மழைக்காலம் பார்த்த கால், புள்ளிச் சேலை மாதிரி ஆகிவிடும். தோட்டத்து ஆள் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் அது நடந்தது. மற்றப் பெண்கள் காயை எடை போட ஸ்டோருக்கு ஏறிப் போய்விட்டார்கள். வேலுத்தாயின் கூடை நிறையவில்லை. ஓடையோரம் நாலைந்து தூர் மிச்சமிருந்தது, முடித்துவிட்டுப் போகலாமென்று குந்தினாள். தூறல். அழகுமலைக்கு அந்த வருஷம் காவல் வேலை. பச்சைக்காய்த் திருட்டு அதிகமாகியிருந்த சமயம். “எவன்டா அது?” என்று அவன் குரல் கேட்டது. பிறகு மரத்தில் கோடாலி விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

ஏலத்தட்டைகளுக்கு நடுவே தம்பி விழுவது தெரிந்தது. அவனுக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள் தெரிந்தன. முழங்காலுக்கு மேலே தோகை மறைத்துவிட்டது. அந்தக் கால்களில் ஒரு தழும்புகூட இல்லை. அவை திரும்பி ஓடைக்குள் இறங்கியபோது குதிகால் தெரிந்தது. வழவழவென்று, செருப்புப் போட்டே பழகிய குதிகால். சத்தம் வராமல் நடக்கச் செருப்பைக் கழற்றி வைத்திருப்பான் போல. அவ்வளவுதான் அவள் கண்டது. கத்துவதற்குக்கூட வாய் வரவில்லை. அவள் கத்தியிருந்தால் அவன் திரும்பிப் பார்த்திருப்பான், முகம் தெரிந்திருக்கும். அந்த ஆற்றாமையும் அவளுக்குக் கடைசி வரை இருந்தது.

தாய் தகப்பன் இல்லாமல், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி வந்தவள் அவள். கல்யாணம் காட்சி ஒன்றும் பார்க்கவில்லை, அவனை வளர்த்தாள். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, சுருளிவேல் வந்துதான் பிரித்தெடுத்தார்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற மனுஷன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

“ஆளைக் கண்டோ?”

“காலத்தான் பாத்தேன் ஏட்டையா.”

“காலு தனியா நடந்து போச்சா? மேலே ஆளு இல்லே?”

“ஆளு இருந்திருப்பான். தோகை மறச்சிருச்சு.”

“காலைக் கண்டா ஆளைக் கண்டதுதானே அம்மே,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதியது மலையாளத்தில். ‘ஆளை நேரில் கண்டேன், மறுபடி கண்டால் அடையாளம் காட்டுவேன்’ என்று அதில் இருந்தது. கைநாட்டு வைத்த வேலுத்தாய்க்கு அது தெரிந்தது, பின்னால் கோர்ட்டில் வாசித்துத் தமிழில் சொன்னபோதுதான். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?

ஆள் யார் என்பது ஏட்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதாவது, தெரியும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலிருந்து கருப்புசாமி என்று ஒரு விவசாயி வந்திருந்தான். அந்த வருஷம் அங்கே மழை பொய்த்து, வண்டிமாடும் ஒன்று செத்துப்போய், பூப்பாறையில் இருந்த பெண்டாட்டி வழிச் சொந்தக்காரரிடம் நாலு மாதத்துக்கு ஏதாவது வேலை கேட்க வந்தவன். வந்து மூன்றே நாள். கொலைக்கு முந்தின சாயங்காலம் டீக்கடையில் அவன் “ஏனுங்க, ஒரு டீ குடுங்க” என்று கேட்டதும், அழகுமலை அதேபோல ‘ஏனுங்க’ போட்டுப் பேசிக் காட்டியிருக்கிறான். கடையே சிரித்திருக்கிறது. அவமானத்தில் கருப்புசாமி அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியிருக்கிறான். மறுநாள் தள்ளப்பட்டவன் செத்துக்கிடந்தால் தள்ளியவனைத்தானே பிடிப்பார்கள்? பிடித்துக்கொண்டு போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் வேலுத்தாயை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். வராந்தாவில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டே போனாள், அழுதுகொண்டே வந்தாள். அந்த வராந்தாவில் கருப்புசாமியும் இருந்தான் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும்.

நாற்பதாம் நாள் சப் ஜெயில் முற்றத்தில் அடையாளப் பரேடு வைத்தார்கள். ஒன்பது பேர் வரிசை. ஒருவன் கருப்புசாமி, மற்ற எட்டுப் பேரும் அதே உயரம், அதே வயசு. ஏட்டுதான் சேர்த்துக் கொடுத்தார். அவருக்கு எங்கே கிடைப்பார்கள்? பக்கத்து ஏலத்தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மஜிஸ்ட்ரேட் நல்ல மனுஷர், ரொம்பக் கவனமானவர். உடுப்பை வைத்துச் சாட்சி கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி பனியனும் அரை டிரவுசரும் கொடுக்கச் சொன்னார். தாடியை எல்லோருக்கும் மழிக்கச் சொன்னார். முகம் ஒன்றுபோல, உடுப்பு ஒன்றுபோல. கால் மட்டும் அவர் கணக்கில் வரவில்லை. எந்த மஜிஸ்ட்ரேட்டுக்குத்தான் வரும்? அவர் குந்தி உட்கார்ந்து காய் எடுத்தவரா என்ன?

வேலுத்தாய் வரிசைக்கு முன்னால் நடந்தாள். தலை குனிந்தே நடந்தாள். வெட்கப்படுகிறாள் என்று மஜிஸ்ட்ரேட் நினைத்துக்கொண்டு, “பேடிக்கண்டா, பயப்படாம நோக்கணும்,” என்றார். அவள் நோக்கிக்கொண்டுதான் இருந்தாள். முதல் கால் புள்ளி, இரண்டாவது புள்ளி, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது எல்லாம் புள்ளி. ஆறாவது ஜோடிக் காலில் ஒன்றுமே இல்லை. மண் நிறத்தில், சுத்தமாக இருந்தது. தழும்பில்லாத கால். தம்பியைத் தாண்டிப் போன கால். கையை நீட்டி அந்த ஆளின் தோளைத் தொட்டாள்.

“இவரா?”

“இவருதேன்.”

எழுத்தர் எழுதினார். போலீஸ்காரன் அந்த ஆளைத் திருப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனான். அப்போதுதான் வேலுத்தாய் பின்னாலிருந்து குதிகாலைப் பார்த்தாள். சித்திரை மாதத்து வயல் மாதிரி வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. வெடிப்புக்குள் மண் ஏறி அது கழுவினாலும் போகாத கறுப்பாகியிருந்தது. பிறந்ததிலிருந்து செருப்பே போடாத கால் அது.

அவள் வாயைத் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள். மஜிஸ்ட்ரேட் பேனாவை மூடிக்கொண்டே, “உறப்புதன்னே? உறுதிதானே?” என்று கேட்டார். ஏட்டு அவளைப் பார்த்துத் தலையாட்டினார். தம்பி போய் நாற்பது நாளாகிவிட்டது, இதுவரை வேறு யாருமே அகப்படவில்லை, இவனையும் விட்டுவிட்டால் இனி யார் அகப்படப்போகிறார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. நாற்பது நாள் ஜெயில் தரையில் நடந்தால் குதிகால் வெடிக்காதா என்று இன்னொரு நினைப்பு அதற்கு முட்டுக்கொடுத்தது. மனசு ஒன்றை வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் நியாயம் சொல்லவா ஆள் பஞ்சம்?

“உறுதிதேன்,” என்றாள்.

செஷன்ஸ் கோர்ட்டில் அதைவிடச் சுலபம். கூண்டில் ஒரே ஒரு ஆள்தான் நின்றான். அந்தப் பக்கத்து வக்கீல், “முகத்தைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். ஏட்டு வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தபடி, “பாத்தேன்” என்றாள். “நன்றாகப் பார்த்தீர்களா?” “நல்லாப் பாத்தேன்.” “இந்த ஆள்தானா?” என்று கேட்டபோது கூண்டுப் பக்கம் கையை நீட்டினாள். கண் தரையில் இருந்தது. மூன்று தடவை நீட்டச் சொன்னார்கள், மூன்று தடவையும் நீட்டினாள். கருப்புசாமிக்கு ஆயுள் தண்டனை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை எலப்புள்ளிக்காரன் சுமந்தான். பாவம் வேலுத்தாயோடு லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்து, அவளோடு கஞ்சி குடித்து, அவளோடு படுத்தது.

எழுபத்துமூன்றில், தை மாதம், ராமாத்தாள் வந்தாள். கருப்புசாமியின் பெண்டாட்டி. மூன்று பஸ் மாறி, விசாரித்து விசாரித்து, வேலை நேரத்தில் தோட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். தூருக்குப் பக்கத்தில் இரண்டு கால் வந்து நின்றதை வேலுத்தாய் பார்த்தாள். மெட்டி தேய்ந்த கால், புழுதி படிந்த கால், குதி வெடித்த கால். தோட்டத்து ஆளில்லை என்று தெரிந்தது.

ராமாத்தாள் சண்டை போடவில்லை. அவளும் பக்கத்தில் குந்தினாள்.

“அக்கா, நான் ஒண்ணே ஒண்ணுதானுங்க கேக்க வந்தேன். மேல்கோர்ட்டுல அப்பீல் போட்டிருக்குது. அது ஆகறபடி ஆகுது. நீங்க உங்க கண்ணால அவரைப் பாத்தீங்களா? பாத்திருந்தாச் சொல்லிப்போடுங்க. நான் போயி தாலியக் கழட்டறதா வேண்டாமான்னு மனசைத் தேத்திக்குவேன்.”

எத்தனையோ பேர் அவளிடம் கேட்ட கேள்விதான். ஆனால் அத்தனை பேரிலும் பதில் தெரிய வேண்டும் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். வேலுத்தாய் ஒரு சரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். காலைத்தான் பார்த்தேன், குதிகால் வேறே என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? நாலு வார்த்தை. கோர்ட்டில் பொய் சொன்னால் உள்ளே போடுவார்கள் என்று ஏட்டு சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது.

“பாத்தேன் தாயி,” என்றாள்.

ராமாத்தாள் எழுந்து, சேலையில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டு, “சரிங்க” என்று சொல்லிப் போனாள். அந்தச் ‘சரிங்க’ போல ஒன்றை வேலுத்தாய் அதற்குப் பிறகு யார் வாயிலும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எழுபத்துநாலு கடைசியில் அப்பீல் தீர்ப்பு வந்தது. சுருளிவேல் மலையாளப் பேப்பர் வாசிப்பவர். லயத்து வாசலில் வந்து நின்று வாசித்துச் சொன்னார்.

“ஏத்தா, அந்த ஆளை விட்டுட்டாகளாம்.”

வேலுத்தாய்க்கு உடம்பெல்லாம் ஒரு ஆறுதல் ஓடியது. “ஏன் விட்டாக?”

“பரேடுக்கு முந்தியே உன்னைய ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாகல்ல, அன்னைக்கு அந்த ஆளை வராந்தாவுல வச்சிருந்தாகளாம். நீ அங்கன வச்சே அவன் மொகத்தப் பாத்து மனசுல பதிச்சிருப்பயாம். அப்படிப் பாத்த பொறவு அடையாளம் காட்டுனா செல்லாதாம். சந்தேகத்தோட பலன்னு எழுதீருக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். சுருளிவேல் பயந்துபோய்ப் பார்த்தார். வேறு என்ன செய்வாள்? அவள் அந்த முகத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டாள் என்பதற்காக அடையாளம் செல்லாமல் போனது. அவளோ அந்த முகத்தை வராந்தாவிலும் பார்க்கவில்லை, முற்றத்திலும் பார்க்கவில்லை, கூண்டிலும் பார்க்கவில்லை. நடந்த பிசகு ஒன்று, கண்டுபிடித்த பிசகு வேறொன்று. சட்டம் ஏதோ ஒரு கல்லில் தடுக்கிச் சரியான வாசலில் போய் விழுந்திருந்தது. விழுந்தவரைக்கும் சரி, நம் பாவம் கரைந்தது என்று அவள் அன்று கூடுதலாக ஒரு வாய் சோறு தின்றாள்.

கரைந்துவிடுமா? ஆறு மாதம் கழித்துச் சுருளிவேலின் அக்கா மகன் ஊருக்கு வந்தான். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன், எலப்புள்ளி அங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். கதையோடு கதையாக அவன் சொன்னான். கருப்புசாமி ஊரில்தான் இருக்கிறானாம், ஆனால் நல்லது கெட்டதுக்கு யாரும் கூப்பிடுவதில்லையாம். ஆறுமுகசாமி என்று ஒரு பெரிய பண்ணையக்காரர், கருப்புசாமியின் மகளைத் தன் மகனுக்குப் பேசி வைத்திருந்தவர், சம்பந்தத்தை நிறுத்திவிட்டாராம். “கோர்ட்டுல விட்டாங்க. கொல்லலைன்னு எங்கயும் சொல்லலையே?” என்கிறாராம். ஊர்க்காரர்கள் அதையே திருப்பிச் சொல்கிறார்களாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வேலுத்தாய் அதைக் கேட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கொல்லவில்லை என்று சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். கொன்றவன் இன்னொருவன், அவன் சொல்லப்போவதில்லை. ஆனி மாதம் இரண்டு நாள் லீவு கேட்டாள். எதற்கு என்று சுருளிவேல் கேட்டதற்கு, “ஒரு சொல்லு பாக்கி கெடக்கு, சொல்லிட்டு வாரேன்,” என்றாள். கருப்புசாமியின் முன்னால் போய் நிற்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஆறுமுகசாமியிடம் சொன்னால் போதும், சம்பந்தம் திரும்பும், ஊர் அவரைக் கேட்டு நடக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

போடி, பழனி, பொள்ளாச்சி. பொள்ளாச்சியில் பாலக்காட்டு பஸ் ஏறி எலப்புள்ளியில் இறங்கியபோது மதியம். வாழ்நாளில் அவ்வளவு சமதரையை அவள் பார்த்ததில்லை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நடவு வயல், நடுநடுவே பனை. பஸ் நின்ற இடத்துக்குப் பக்கத்து வயலில் ஒரு ஆள் மண்வெட்டியால் வரப்பைச் சீர்செய்துகொண்டிருந்தான். முழங்கால் வரைக்கும் சேறு.

“அய்யா, ஆறுமுகசாமிங்கிறவக வீடு எங்கிட்டு இருக்கு?”

அந்த ஆள் நிமிர்ந்தான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“எங்கிருந்துங்க வர்றீங்க?”

“சாந்தாம்பாறை. ஏலத்தோட்டம்.”

“அவ்வளவு தூரத்துலருந்துங்களா? என்னங்க சோலி?”

வெயில் கண்ணைக் குத்தியது. எப்போதும்போல வேலுத்தாய் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் போகிறவனிடம் சொல்லலாமா என்று தயங்கினாள், ஆனால் வழியெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தது தானாக வந்துவிட்டது.

“ஒருத்தருக்கு நான் ஒரு பாவம் பண்ணியிருக்கேன்யா. அதை அவரு ஊருல சொல்லணும்.”

அவன் மண்வெட்டியை வரப்பில் சாய்த்து வைத்தான். பிறகு வரப்பு ஏறி வந்து அவள் துணிப்பையை வாங்கிக்கொண்டான். “வாங்க, கூட்டியுட்டுப் போறனுங்க.” முன்னால் நடந்தான். அவள் பின்னால் நடந்தாள். பழக்கதோஷத்தில் காலைப் பார்த்தாள். சேறு அப்பியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. நல்ல மனுஷன், வேலையை விட்டுவிட்டுக் கூட வருகிறான் என்று நினைத்தாள். பாதி வழியில் அவன் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தான். ஏதோ கேட்கப்போகிறான் போலிருந்தது. கேட்கவில்லை.

ஆறுமுகசாமியின் களத்தில் நாற்றுக்கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேலுத்தாயைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பார்த்தார், முகம் சுருங்கியது. அவள் கும்பிட்டுவிட்டு, நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னாள். தூருக்குள் குந்தியிருந்ததைச் சொன்னாள், அட்டைத் தழும்பைச் சொன்னாள், ஏட்டு எழுதியதைச் சொன்னாள், ராமாத்தாளிடம் சொன்ன பொய்யைச் சொன்னாள். குதிகாலைக் கடைசியாகச் சொன்னாள். நாற்றுக்கட்டு இறக்கியவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

ஆறுமுகசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏனுங்க அம்மிணி, கோர்ட்டுல சத்தியம் பண்ணித்தான் அன்னைக்குச் சொன்னீங்க. அது பொய்யிங்கறீங்க. இன்னைக்குச் சொல்றதை மட்டும் நாங்க எப்படிங்க மெய்யின்னு எடுத்துக்கறது? அவன் ஊட்டு ஆளுக ஆராச்சும் உங்களைக் கூட்டியாந்திருப்பாங்கன்னு ஊருல பேச மாட்டாங்களா?”

இவ்வளவு தூரம் வரும்போது இது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு தடவை பொய்யாகச் செலவழித்த வாக்கு மறுபடி கையில் இருக்குமா?

“யாரும் கூட்டியாரல்லய்யா. அவுக வீட்டு ஆளுக யாரையும் எனக்குத் தெரியாது. அந்த ராமாத்தாளைத் தவிர.”

“அவனைத் தெரியுமில்லீங்க?”

“மொகம் தெரியாது. நான் பாக்கவே இல்லய்யா. இப்ப எம் முன்னால வந்து நின்னாலும் எனக்கு இன்னாருன்னு தெரியாது.”

ஆறுமுகசாமி அவளையே பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலிலிருந்து மெதுவாக எழுந்தார்.

“அம்மிணி, உங்க பையைத் தூக்கிட்டு வந்தவன் ஆருன்னு நெனைச்சீங்க?”

“வயல்ல நின்னாக. வழி கேட்டேன்.”

“அவந்தானுங்க கருப்புசாமி.”

வேலுத்தாய் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. மூன்று தடவை கைநீட்டி இவன்தான் என்று காட்டிய ஆளிடம் வழி கேட்டிருக்கிறாள், பையைக் கொடுத்திருக்கிறாள், அரை மைல் தூரம் அவன் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள். நாற்றுக்காரர்களில் ஒரு கிழவி, “அட ஆத்தா, நெசமாலுமே பாக்கலியாட்டங்குது,” என்று யாரிடமோ சொன்னாள். எந்தச் சத்தியத்தையும் நம்பாதிருந்த களம் அதை நம்பிவிட்டது.

பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கருப்புசாமி பையைக் கீழே வைத்துவிட்டு மாட்டுத்தொட்டியில் தண்ணீர் மொண்டு காலைக் கழுவினான். அவள் கடைக்கண்ணில் சேறு கரைந்து போவது தெரிந்தது. முதலில் முழங்கால், அப்புறம் கணுக்கால், அப்புறம் அந்தக் குதிகால். வெடிப்பு, வெடிப்புக்குள் போகாத கறுப்பு. உடனே தெரிந்துவிட்டது அவளுக்கு. அவனை அடையாளம் காண அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது, அன்றைக்கும் இன்றைக்கும். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“பஸ்ஸை உட்டு எறங்கறப்பவே நீங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க,” என்றான் கருப்புசாமி. கோபமே இல்லாத குரல். “ஒரு தடவையாச்சும் என்னையத் தெரியுதான்னு பாக்கலாம்னு சொல்லாம வந்தனுங்க.”

“என்னைய அடிச்சுக்கூடப் போடுங்கய்யா.”

“அடிச்சு என்னங்க ஆகுது.” அவன் துண்டால் காலைத் துடைத்தான். “ஒண்ணு சொல்றனுங்க. மூணு வருசம் ஜெயில்ல நான் கண்ணாடியே பாக்கலீங்க. செரைக்கறப்பக்கூட அவங்க நீட்டுனா கண்ணை மூடிக்குவேன். முன்னப்பின்ன தெரியாத ஒரு பொம்பளை, ஒம்பது பேருல என்னையப் பாத்ததும் இவந்தான்னாங்களே, அப்ப எம் மொகத்துல என்னமோ கொலைகாரன் சாடை இருக்குமாட்டங்குதுன்னு. ஊட்டுக்கு வந்தும் அதேதானுங்க. எம் புள்ள எதுத்தாப்புல வந்தாக்கூடத் தலையைக் குனிஞ்சுக்குவேன்.”

பிறகு, “நீங்க பாக்கவே இல்லீங்களா,” என்றான். அது கேள்வி மாதிரியும் இல்லை.

ஆறுமுகசாமி தொண்டையைச் செருமினார். சம்பந்தத்தைப் பற்றி வேலுத்தாய் கேட்காமலே சொன்னார். “எம் பையனுக்கு வைகாசியில வேற எடத்துல முடிச்சுட்டமுங்க. ஒரு மாசம் முன்னால நீங்க வந்திருந்தா…” என்று இழுத்தவர், கருப்புசாமியைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டார். சொம்பில் மோர் வந்தது, இரண்டு பேருக்குமாக. அந்த வீட்டிலிருந்து கருப்புசாமிக்கு நாலு வருஷத்துக்குப் பிறகு வந்த மோர் அது. அவன் வாங்கிக் குடித்தான்.

வேலுத்தாய் மோரைக் குடிக்கவில்லை. கையை ஊன்றி எழுந்தாள். கிட்டத்தட்ட முப்பது வருஷம் குனிந்தே பழகிய கழுத்தை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வயசிருக்கும். நரை கலந்த இரண்டு நாள் தாடி. இடது புருவத்தில் சின்னதாக ஒரு வெட்டுத் தழும்பு, சின்ன வயசில் விழுந்ததாக இருக்கும். வெயிலில் சுருங்கிய கண்கள், அவளை நேராகப் பார்க்கக் கூசுகிற கண்கள். எந்தச் சாடையும் அதில் இல்லை. ஊரில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் இருக்கிற, பாவப்பட்ட ஒரு குடியானவன் முகம்.

“இவரு இல்ல,” என்றாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள், அன்றைக்கு அந்த முற்றத்தில் சொல்லியிருக்க வேண்டிய சத்தத்தில். “இவரு இல்லய்யா.”

எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கருப்புசாமி அவள் பையை மறுபடி எடுத்துக்கொண்டான்.